வேகம் கூடியதால் விழுந்த ஃபாக்ஸ்புரோ

1990களின் கடைசியில் பல அலுவலகங்களில் ஒரே மாதிரியான ஒரு விநோதம் நடந்தது. வருடக்கணக்காக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கணக்கு மென்பொருளைப் பழைய கணினியிலிருந்து புத்தம் புதிய பென்டியம் கணினிக்கு மாற்றுவார்கள். திறந்தால் திரை ஒரு முறை மின்னும். பூஜ்ஜியத்தால் வகுத்துவிட்டதாக ஒரு பிழைச் செய்தி வரும். அவ்வளவுதான், மூடிக்கொள்ளும். பேரேடு, சரக்கிருப்பு, சம்பளப் பட்டியல் எல்லாம் வட்டில் பத்திரமாக இருக்கும், திறக்கத்தான் முடியாது. இத்தனைக்கும் புரோகிராமில் ஒரு வரியைக்கூட யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்!

அந்த மென்பொருள்களில் பல ஃபாக்ஸ்புரோவில் எழுதப்பட்டவை. தமிழ்நாட்டிலும் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்களுக்கு டிபேஸும் ஃபாக்ஸ்புரோவும் தெரியாமல் இருக்காது.

இந்தக் குடும்பத்தின் மூதாதை டிபேஸ். அமெரிக்காவில் பாசடேனாவிலுள்ள ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப், 1970களின் கடைசியில் கால்பந்துப் பந்தயக் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பதற்காக எழுத ஆரம்பித்தது அது. வல்கன் என்று பெயர் வைத்தார். ஆஷ்டன்-டேட் நிறுவனம் அதை வாங்கி 'டிபேஸ் 2' என்று விற்றது. 'டிபேஸ் 1' என்று ஒன்று வெளிவரவே இல்லை (முதல் பதிப்பு என்றால் யாரும் நம்பி வாங்கமாட்டார்கள் என்ற கணக்கு!). ஆஷ்டன் என்று ஒரு ஆளும் அந்த நிறுவனத்தில் இருந்ததில்லை.

1988இல் வந்த டிபேஸ் 4 பிழைகள் மலிந்து பெயரைக் கெடுத்துக்கொண்டது. சரிசெய்த பதிப்பு வர 1990 ஆனது. அந்த இடைவெளியில் ஒஹாயோவின் பெர்ரிஸ்பர்க்கில் டேவ் ஃபுல்டன் நடத்திய ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் முன்னேறிவிட்டது. அதே டிபேஸ் மொழி, ஆனால் பல மடங்கு வேகம். ஃபாக்ஸ்புரோ விற்றதே வேகத்தைச் சொல்லித்தான். பின்னால் அதை விழவைத்ததும் வேகம்தான் என்பது வேடிக்கை. 1992இல் மைக்ரோசாஃப்ட் ஃபாக்ஸை வாங்கியது, 1994இல் 2.6 பதிப்பு வந்தது.

இனி அந்தப் பூஜ்ஜியத்துக்கு வருவோம். தான் ஓடும் கணினி எவ்வளவு வேகமானது என்று ஃபாக்ஸ்புரோ 2.x தொடங்கும்போதே அளந்துகொள்ளும். ஒரு சிறிய சுழலை ஓட்டி, அதற்கு எவ்வளவு நேரமானது என்று பார்த்து, அந்த நேரத்தால் வகுக்கும். பழைய கணினிகளில் அதற்கு அளக்கக்கூடிய நேரம் பிடித்தது. புதிய சிப்பிலோ கடிகாரம் ஒரு துடிப்பு நகர்வதற்குள் சுழல் முடிந்துவிடும். ஆன நேரம் பூஜ்ஜியம், வகுத்தால் விபத்து. டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம்களும் அதே காலத்தில் 200ஆம் எண் பிழை காட்டி விழுந்தன. ஆனால் அங்கே காரணம் கொஞ்சம் வேறு. வகுத்து வந்த ஈவு 16 பிட்டுக்குள் அடங்காத அளவு பெரிதாகிவிட்டது. இன்டெல் சிப்புக்கு இரண்டு தவறும் ஒன்றுதான், ஒரே பிழையைத்தான் எழுப்பும்.

இதை உடனே கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணம் உண்டு. கணினி மாறும்போது விண்டோஸும் சேர்ந்து மாறியது. அதனால் பழி இயங்குதளத்தின் மேல் விழுந்தது. பழைய விண்டோஸைத் திரும்பப் போட்டுப் பார்த்தவர்களுக்கும் பிழை போகவில்லை. கணினியை வேண்டுமென்றே மெதுவாக்கும் சிறு புரோகிராம்களை ஓட்டிச் சிலர் சமாளித்தார்கள். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை வீணடித்தால்தான் கணக்கெழுத முடியும் என்ற நிலை! பிறகு மைக்ரோசாஃப்ட் ஒட்டுக்கோப்பு வெளியிட்டது.

2001இல் எக்ஸ்பி வந்தபோது தொல்லைகள் உண்மையாகவே இயங்குதளத்திலிருந்து வந்தன. எக்ஸ்பிக்குள் டாஸ் கிடையாது, டாஸ் போல நடிக்கும் ஒரு பகுதிதான் இருந்தது. அதன் அமைப்புகள் சிஸ்டம்32 அடைவிலுள்ள கான்ஃபிக்.என்டி, ஆட்டோஎக்ஸெக்.என்டி ஆகிய கோப்புகளில் இருந்தன. பழைய கான்ஃபிக்.சிஸ் கோப்பில் எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. ஒரே நேரத்தில் பல அட்டவணைகளையும் இண்டெக்ஸ்களையும் திறக்கும் புரோகிராம், கோப்பு எண்ணிக்கை போதாமல் நின்றுவிடும். கான்ஃபிக்.என்டியில் எண்ணிக்கையைக் கூட்டினால் சரியாகிவிடும். ஆட்டோஎக்ஸெக்.என்டி காணாமல் போனால் விண்டோஸின் ரிப்பேர் அடைவிலிருந்து ஒரு பிரதி எடுத்துப் போட்டால் போதும்.

இவை பரவாயில்லை, தொடக்கத்திலேயே நின்றுவிடுபவை. பயப்பட வேண்டியது நெட்வொர்க் கோளாறுதான். கோப்பு சர்வரில் இருக்கும், நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பதிவார்கள். வேகத்துக்காக விண்டோஸ் ஒரு ஏற்பாடு செய்திருந்தது. கோப்பைத் திறந்திருப்பது ஒரே கணினி என்றால், எழுதுவதைத் தன்னிடமே கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள அதற்கு அனுமதி கிடைக்கும். இரண்டாவது ஆள் திறக்கும்போது அதையெல்லாம் சர்வருக்கு அனுப்பிவிட வேண்டும். அந்த நேரத்தில் கேபிளோ நெட்வொர்க் கார்டோ தடுமாறினால் முடிந்தது கதை. டிபிஎஃப் கோப்பின் தலைப்பகுதியில் எத்தனை பதிவுகள் என்ற எண் எழுதப்பட்டிருக்கும். உள்ளே உண்மையில் இருப்பது வேறாக இருக்கும். இண்டெக்ஸ் மூன்றாவதாக ஒன்று சொல்லும். இண்டெக்ஸைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம், தலைப்பு எண்ணையும் திருத்தலாம். எழுதப்படாமல் போன வவுச்சரை எங்கிருந்து எடுப்பது? இது தெரிந்த நிர்வாகிகள் சர்வரின் ரெஜிஸ்ட்ரியில் அந்த ஏற்பாட்டையே நிறுத்தி வைத்தார்கள்.

2007இல் கடைகளுக்கு வந்த விஸ்டா இன்னொரு விளையாட்டுக் காட்டியது. பழைய மென்பொருள்கள் தரவையும் புரோகிராம் ஃபைல்ஸ் அடைவுக்குள்ளேயே வைத்திருந்தன. அங்கே எழுதச் சாதாரணப் பயனருக்கு விஸ்டா அனுமதி தரவில்லை. பிழை காட்டாமல், எழுதுவதை அவரவர் கணக்கின் கீழ் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவிடத்துக்குத் திருப்பிவிட்டது. விளைவு, ஒரே கணினியில் காலையில் ஒருவர் போட்ட பில் மாலையில் வேறு பெயரில் நுழைந்தவருக்குத் தெரியவில்லை. க்ராஷ் ஆகியிருந்தால் உடனே தெரிந்திருக்கும். இது தெரியாது, மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போதுதான் தெரியும். தரவு அடைவை வெளியே மாற்றுவதுதான் சரியான வழி.

அதே 2007இல், விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9க்குப் பிறகு அடுத்த பதிப்பு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2015 ஜனவரியில் ஆதரவும் முடிந்தது. விஷுவல் ஃபாக்ஸ்புரோ 32 பிட் என்பதால் 64 பிட் விண்டோஸிலும் ஓடுகிறது. 16 பிட்டான 2.6க்கு 64 பிட் விண்டோஸில் இடமே இல்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. இன்றும் அதை விடாதவர்கள் டாஸ்பாக்ஸ் போன்ற போலி டாஸுக்குள் போட்டு ஓட்டுகிறார்கள். டாஸ்பாக்ஸில் கணினி எவ்வளவு வேகமாக நடிக்க வேண்டும் என்று நாமே எண் கொடுக்கலாம். அதைக் குறைத்து வைத்தால் பூஜ்ஜியத் தொல்லையும் வராது.