மலாக்காத் திமிங்கிலம்



1892-ஆம் ஆண்டில் மலாக்காக் கரையோரம் ஒரு திமிங்கிலம் ஒதுங்கியது. அதன் நீளம் 42 அடி. திமிங்கிலம் மீனன்று, நுரையீரலால் மூச்சு விட்டு, குட்டிக்குப் பால் கொடுக்கும் பிராணி. கரையேறினால் தன் எடையே அதை நசுக்கிவிடும்.

அதன் எலும்புக்கூடு 1907 முதல் சிங்கப்பூர் ராபிள்ஸ் அரும்பொருளகத்தில் தொங்கியது. 1974-இல் கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்திற்கு அன்பளிப்பாக வந்தது. பிரிக்பீல்ட்சிலிருந்து நடந்தே போகும் தூரம்! பின்னர் லாபுவான் தீவுக்குப் போயிற்று. தோட்டம் விட்டுத் தோட்டம் பெயர்ந்த நம் முன்னோரைப் போல, அதுவும் ஊர் ஊராய்ச் சென்றது.

அன்று எலும்பைக் கண்டு வியந்தோம். இன்று லங்காவிக் கடலில் சிறு படகேறி உயிருள்ள டால்பின்களையே காணலாம். துரத்தாமல், வேகத்தைக் குறைத்து, தள்ளி நின்றே பார்ப்போம். நம் பேரப்பிள்ளைகளும் அவற்றை உயிரோடு காண வேண்டுமல்லவா?