விளம்பரப் பலகையும் தெருக்கலையும்: நியூயார்க் நகரில் ஒரு கைப்பற்றலின் வரலாறு (1980–2022)

நகரத் தெருக்களில் அனுமதியின்றித் தோன்றும் ஓவியங்கள் அனைத்தையும் தெருக்கலை என்ற ஒரே பெயரால் சுட்டும் வழக்கம் நிலவினாலும், அவற்றுள் ஒரு பிரிவு தனித்து ஆராயத்தக்கது. விளம்பரத்துக்கென்றே சட்டமிட்டு, விளக்குப் பொருத்தி, வாடகைக்கு விடப்படும் பலகைகளையும், பேருந்து நிழற்குடைகளின் கண்ணாடிப் பெட்டிகளையும், தொலைபேசிக் கூண்டுகளின் பக்கத் தட்டிகளையும் கைப்பற்றி, அங்கிருந்த விளம்பரத்தை மாற்றியோ மறைத்தோ அகற்றியோ தன் படைப்பை வைக்கும் கலை அது. சான் பிரான்சிஸ்கோவில் 1977இல் தோன்றிய விளம்பரப் பலகை விடுதலை முன்னணியும், சிட்னியில் 1979இல் சிகரெட், மது விளம்பரங்களை எதிர்த்துக் கிளம்பிய புகா அப் இயக்கமும் இதன் முன்னோடிகளாகக் குறிக்கப்படுகின்றன. எனினும், ஒரே நகரத்தில் நாற்பதாண்டுக் காலம் தொடர்ந்து, பல வடிவங்கள் எடுத்து வளர்ந்த வரலாறு என்று பார்த்தால் நியூயார்க்குக்கு இணை இல்லை.

இவ்வரலாறு பெரும்பாலும் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கீத் ஹாரிங் எவ்வாறு புகழடைந்தார், காஸ் எவ்வாறு கோடிகளை எட்டினார் என்ற வகையில் செல்லும் அவ்வெழுத்துகளில், அவர்கள் வரைந்த பரப்பு யாருக்குச் சொந்தம், அது தாளா கண்ணாடியா ஒட்டுத்தாளா, அதை வாடகைக்கு விட்டவர் யார், எந்த ஒப்பந்தத்தின் பேரில் விட்டார் ஆகிய கேள்விகள் ஓரமாகவே நின்றுவிடுகின்றன. ஆனால் ஒவ்வொரு காலத்திலும் இக்கலையின் உத்தியையும் ஆயுளையும் தீர்மானித்தவை அக்கேள்விகளுக்குரிய விடைகளே என்பதைச் சான்றுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

1970களின் நடுவில் கடும் நிதி நெருக்கடிக்குள்ளான நியூயார்க்கின் சுரங்க ரயில் நிலையங்களில், நடைமேடைச் சுவர்களை ஒட்டி வரிசையாக விளம்பரச் சட்டங்கள் இருந்தன. வாடகைக் காலம் முடிந்து புதிய விளம்பரம் வராத சட்டங்களைப் பளபளப்பற்ற கருந்தாள் ஒட்டி மூடிவைப்பது நிர்வாகத்தின் வழக்கம். பென்சில்வேனியாவிலிருந்து 1978இல் ஓவியம் பயில நியூயார்க் வந்த கீத் ஹாரிங், 1980இல் டைம்ஸ் சதுக்க நிலையத்தில் இத்தகைய வெற்றுத் தாள் ஒன்றைக் கண்டு, மேலே தெருவுக்கு ஏறிச் சென்று வெள்ளைச் சாக்கட்டி வாங்கிவந்து வரைந்தார் என்பது அவரே பதிவு செய்துள்ள செய்தி. தவழும் குழந்தை, குரைக்கும் நாய், பறக்கும் தட்டு, கோலேந்திய மனிதர் எனச் சில உருவங்களே அவருடைய காட்சிமொழியாக அமைந்தன. கருந்தாளில் இட்ட சாக்கட்டிக் கோட்டை அழித்துத் திருத்த முடியாது. அடுத்த ரயில் வருவதற்குள், காவலர் கண்ணில் படுவதற்குள் முடித்தாகவும் வேண்டும். அவருடைய கோட்டின் துணிவும் தடையற்ற ஓட்டமும் இந்த இரண்டு நெருக்கடிகளிலிருந்து பிறந்தவை என்று கொள்வதே பொருந்தும்.

ஒரே நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட படங்களைக்கூட வரைந்த ஹாரிங், 1985 வரையில் ஆயிரக்கணக்கான படங்களை இவ்வாறு விட்டுச் சென்றார். இப்படங்களுக்காக அவர் எந்த விளம்பரத்தையும் சிதைக்கவில்லை. விளம்பரம் இல்லாத இடைவேளையில் மட்டுமே வரைந்தார். இருந்தும் பலமுறை அபராதச் சீட்டு பெற்றதோடு கைதும் செய்யப்பட்டார். 1982இல் சி.பி.எஸ். தொலைக்காட்சிக் குழு ஒன்று அவர் வரைவதையும் பின் கைதாவதையும் சேர்த்தே படம்பிடித்தது. புதிய விளம்பரம் வந்தவுடன் படம் அதன் அடியில் புதைந்துவிடும் என்பதால், இன்று அக்கலையை அறிய உதவுவது பெருமளவுக்கு அவருடைய நண்பரும் ஒளிப்படக் கலைஞருமான செங் குவாங் சி எடுத்த படங்களே. ஹாரிங்கின் பெயர் பரவியபின் ரசிகர்கள் தாள்களைச் சட்டத்திலிருந்து கிழித்தெடுத்து விற்கத் தொடங்கினர். பயணிகள் பார்ப்பதற்கென வரையப்பட்டவை விற்பனைப் பொருளானதைக் கண்டு அவர் இப்பணியை நிறுத்திக்கொண்டார். அப்படித் தப்பிய தாள்களில் 31 படங்கள், 2024 நவம்பரில் சோதபி ஏல நிறுவனத்தில் 90 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின.

ஹாரிங் சுரங்க ரயில் நிலையங்களில் வரைந்துவந்த அதே ஆண்டுகளில், அனுமதி பெற்றே விளம்பர இடத்துக்குள் நுழையும் வழியும் திறக்கப்பட்டது. டைம்ஸ் சதுக்கத்தின் ஸ்பெக்டாகலர் மின்விளக்குப் பலகையில் பணியாற்றிய ஓவியர் ஜேன் டிக்சனின் முயற்சியால், பொதுக்கலை நிதியம் என்னும் அமைப்பு 1982 முதல் 1990 வரை அப்பலகையில் கலைஞர்களின் செய்திகளை இடம்பெறச் செய்தது. ஹாரிங்கும், கீழ் மன்ஹாட்டன் சுவர்களில் வாசகத் தாள்களை ஒட்டிவந்த ஜென்னி ஹோல்சரும் அதில் பங்கேற்றனர். ஆயினும் இந்த வழியின் எல்லை விரைவிலேயே புலப்பட்டது. கலையுலகில் பெண்கள் ஒதுக்கப்படுவதை எதிர்த்து, கொரில்லா முகமூடி அணிந்து இயங்கிய 'கொரில்லா கேர்ள்ஸ்' குழு, மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் நவீனக் கலைப் பிரிவில் ஓவியர்களாக இடம்பெற்ற பெண்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு, நிர்வாண உருவங்களிலோ 85 விழுக்காடு பெண்களே என்ற கணக்கை 1989இல் சுவரொட்டியாக்கியது. விளம்பரப் பலகைக்கென வடிவமைக்கப்பட்ட அதை நிதியம் ஏற்க மறுத்தது. குழுவினர் சொந்தப் பணத்தில் பேருந்துகளில் இடம் பிடித்து வெளியிட்டனர். பின்னர் பேருந்து நிறுவனமும் படம் ஆபாசமாகத் தோன்றுவதாகக் கூறி வாடகையை ரத்து செய்தது. பணம் கட்டினால்கூட விளம்பர இடத்தில் எல்லாக் குரலுக்கும் இடமில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. குடிமக்கள் எவரும் தடையின்றிக் கருத்துரைக்கும் உரிமையுள்ள தெரு, பூங்கா போன்ற இடங்களை அமெரிக்கச் சட்ட மரபு பொது மன்றம் என வகைப்படுத்துகிறது. ஒஹாயோ மாநிலத்து ஷேக்கர் ஹைட்ஸ் நகரம் தன் பொதுப் போக்குவரத்து வண்டிகளில் அரசியல் விளம்பரத்தை ஏற்க மறுத்த வழக்கில், அவ்வண்டிகளின் விளம்பர இடம் பொது மன்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்தது. தெருவில் நின்று பேசலாம், ஆனால் அதே தெருவில் ஓடும் நகரப் பேருந்தின் தட்டியில் பேச உரிமை கோர முடியாது என்ற நிலை இதனால் உறுதிப்பட்டது. விளம்பர இடத்தைக் கைப்பற்றிய கலைஞர்கள் இத்தீர்ப்பைப் படித்திருந்தார்களா என்பது முக்கியமல்ல. அது அடைத்த கதவின் முன்தான் அவர்கள் நின்றார்கள்.

1990களில் பரப்பு மாறியது. பிரான்சின் லியோன் நகரில் 1964இல் ஜேசி டெகோ நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏற்பாட்டின்படி, நிறுவனமே தன் செலவில் பேருந்து நிழற்குடைகளை அமைத்துப் பராமரிக்கும். கைம்மாறாக அவற்றில் விளம்பரம் வைத்து வருவாய் ஈட்டும். தெருத் தளவாடம் என்று அழைக்கப்படும் இவ்வகை அமைப்புகள் நியூயார்க்கிலும் பரவியபின், விளம்பரம் பசையிட்டு ஒட்டப்படும் தாளாக இல்லாமல், பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் பின்விளக்கொளியில் தொங்கும் அச்சுப்படமாயிற்று. அங்கே சாக்கட்டிக்கு வேலை இல்லை, சாவி வேண்டும். ஜெர்சி சிட்டியில் பிறந்து காஸ் என்ற பெயரில் இயங்கிய பிரையன் டொனெலிக்கு அத்தகைய பெட்டியைத் திறக்கும் கருவியைக் கொடுத்தவர், சான் பிரான்சிஸ்கோ ஓவியர் பாரி மெக்கீ. காஸ் இரவில் பெட்டியைத் திறந்து விளம்பரத் தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அதன்மேல் அக்ரிலிக் வண்ணத்தில் தம் உருவங்களைத் தூரிகைத் தடமே தெரியாதபடி தீட்டி, மீண்டும் அதே பெட்டியில் பூட்டி வைத்தார். கண்களுக்குப் பதில் பெருக்கல் குறியிட்ட மண்டையோட்டு முகமும், விளம்பர அழகியின் உடலைச் சுற்றி நெளியும் பாம்பனைய உருவமும் அச்சிட்ட படத்தின் பகுதிகளாகவே தோன்றியதால், அவை விளம்பரத்தைத் தாக்குகின்றனவா அலங்கரிக்கின்றனவா என்று பிரித்தறிய இயலவில்லை. இந்த மயக்கமே அவற்றின் கவர்ச்சி; அவற்றின் பலவீனமும் அதுவே. அவருடைய ஓவியம் ஒன்று 2019 ஏப்ரலில் ஹாங்காங்கில் 1 கோடியே 47 லட்சம் டாலருக்கு விற்றபோது, விளம்பரத்துக்கும் கலைக்கும் இடையே முன்பு இருந்த பகைமையின் சுவடு எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

அடுத்த மாற்றம் பசையால் வந்தது. சுரங்க ரயில் நடைமேடைகளில் முன்கூட்டியே பசை பூசிய, உரித்து ஒட்டக்கூடிய விளம்பரத் தாள்கள் புழக்கத்துக்கு வந்தன. 2008இல் 'போஸ்டர் பாய்' என்ற பெயரில் செயல்பட்டவர் ஒரேயொரு சவர பிளேடைக் கொண்டு திரைப்பட விளம்பரத்தின் முகத்தையும் மதுபான விளம்பரத்தின் எழுத்தையும் அறுத்தெடுத்து, ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டிப் புதிய பொருள் தரும் படங்களை உருவாக்கினார். வெளியிலிருந்து வண்ணமோ தாளோ கொண்டுவராமல், விளம்பரத்தின் உடலையே கச்சாப் பொருளாக்கிய இந்த உத்திக்குச் சட்டம் காட்டிய கடுமை முன்னெப்போதும் இல்லாதது: 2009 தொடக்கத்தில் கைது, 2010இல் பதினொரு மாதச் சிறை.

இவ்வரலாற்றின் உச்சம் எனத் தக்கது, ஜோர்டான் சைலர் 2009இல் ஒருங்கிணைத்த நியூயார்க் தெரு விளம்பரக் கைப்பற்றல். 2000 முதல் 'பொது விளம்பர இயக்கம்' என்ற பெயரில் தனியே இயங்கிவந்த சைலர், கட்டடப் பணி நடக்கும் இடங்களைச் சுற்றி அடிக்கப்படும் மரத் தடுப்புகளில் விளம்பரம் செய்ய நகரக் கட்டட விதிகள் அனுமதிப்பதில்லை என்பதையும், இருந்தும் அத்தடுப்புகளில் பெரும் நிறுவனங்களுக்கான சுவரொட்டிகளை ஒட்டி வாடகை ஈட்டும் வணிகம் வெளிப்படையாக நடப்பதையும் கவனித்தார். அனுமதியற்ற அவ்விடங்களைத் தேடிக் குறித்து வரைபடமாக்கினார். ஏப்ரல் 25 அன்று தொண்டர்கள் குழுக்களாகப் பிரிந்து 120க்கும் மேற்பட்ட தட்டிகளுக்கு வெள்ளையடித்தனர். பின்னாலேயே வந்த கலைஞர்கள் அவ்வெள்ளைப் பரப்பில் தத்தம் படைப்புகளை நிறுவினர். விளம்பர நிறுவனத்தின் ஆள்கள் விரைவிலேயே அவற்றின்மேல் மீண்டும் சுவரொட்டி ஒட்டினர். அக்டோபர் 25 அன்று நடந்த இரண்டாம் சுற்றிலும் அதுவே நிகழ்ந்தது. இரு சுற்றுகளிலும் கைதானோர், வெள்ளையடித்தவர்களும் ஓவியர்களும்தான். விதிமீறிய விளம்பரத்தின்மேல் வெள்ளையடிப்பது குற்றமாகவும், அவ்விளம்பரத்தை ஒட்டுவது அன்றாடத் தொழிலாகவும் நடத்தப்பட்ட இந்த முரண்பாட்டைப் பொதுவெளியில் நிறுவிக் காட்டியதே இந்நிகழ்வின் சாதனை. ஓவியத் தரத்தில் ஹாரிங்குக்கு நிகரானவர் அன்று களத்தில் இருந்திருக்க மாட்டார். ஆனால் தெருப்பரப்பு யாருடையது என்ற கேள்வியை இவ்வளவு நேராக முன்வைத்த செயல் இந்நாற்பதாண்டில் வேறொன்றும் இல்லை. இதே முறை 2010இல் டொராண்டோவிலும் 2011இல் மாட்ரிட்டிலும் பின்பற்றப்பட்டது.

இதே காலத்தில் நீதிமன்றத்திலும் அக்கேள்வி எழுந்தது, வேறொரு தரப்பிலிருந்து. நகராட்சி 2006இல் ஸ்பெயின் நாட்டு செமூசா நிறுவனத்துக்கு நிழற்குடை, செய்தித்தாள் கடை, பொதுக் கழிப்பறை ஆகியவற்றை அமைத்து விளம்பரம் வைக்கும் உரிமத்தை இருபதாண்டுக்கு வழங்கியிருந்தது. அதன்மூலம் நூறு கோடி டாலருக்கு மேல் வருவாய் எதிர்பார்த்தது. தனியார் இடங்களில் விளம்பரப் பலகைகளைக் கட்டுப்படுத்தும் நகராட்சி, தன் நடைபாதைகளில் மட்டும் விளம்பரத்தை விற்பது எவ்வாறு நியாயம் என்று பலகை நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 பிப்ரவரியில் நகராட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விளம்பரங்களின் மொத்த எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும் ஒழுங்குபடுத்துவதும் நகராட்சியின் முறையான நோக்கம் என்பது அதன் நிலைப்பாடு. தெருவின் பார்வைப் பரப்பை விற்கும் உரிமை நகராட்சியிடம் உள்ளது என இதனால் உறுதியானது. அதை நகர மக்களிடம் கேட்டு விற்க வேண்டுமா என்பது வழக்கின் பொருளாகவே இல்லை.

அதன்பின் வந்த முயற்சிகள் இரு திசைகளில் சென்றன. சைலர் 2014இல் தம் தோழர்களுடன் உருவாக்கிய கைப்பேசிச் செயலி, சுரங்க ரயில் விளம்பரத்தின் முன் கைப்பேசியை நீட்டினால் திரையில் விளம்பரத்துக்குப் பதில் ஓவியத்தைக் காட்டியது. சட்டச் சிக்கல் அற்ற வழிதான். ஆனால் கைப்பேசியை இறக்கியவுடன் விளம்பரம் அப்படியே இருக்கும் என்பதால், அதைக் கைப்பற்றல் என்று கொள்வது கடினம். மறுபுறம், 2017இல் ஆர்.ஜே. ரஷ்மோரும் கரோலைன் கால்டுவெல்லும் நடத்திய 'விளம்பர இடங்களில் கலை' திட்டம், வாரத்துக்கு ஒரு கலைஞர் என ஓராண்டு முழுவதும் தொலைபேசிக் கூண்டுகளின் விளம்பரத் தட்டிகளில் படைப்புகளை வைத்தது. அதே 2017இல் பொதுக்கலை நிதியம் கலைஞர் ஐ வெய்வெய்யின் படைப்புகளைப் பேருந்து நிழற்குடைகளில் முறையான அனுமதியுடன் காட்சிப்படுத்தியது. ஒரே ஆண்டில் ஒரே நகரில் ஒரேவகைப் பரப்புக்குள் ஒரு சாரார் சாவியோடும் மற்றொரு சாரார் ஒப்பந்தத்தோடும் நுழைந்தனர்.

தொலைபேசிக் கூண்டுகளோ அப்போதே மறைந்துகொண்டிருந்தன. 2016 முதல் அவற்றின் இடத்தில் நிறுவப்பட்ட லிங்க் என்.ஒய்.சி. கம்பங்கள் இலவச வைஃபை இணைப்போடு, இருபுறமும் 55 அங்குல மின்னணுத் திரைகளையும் கொண்டவை. தாளைப் பூட்டைத் திறந்து மாற்றலாம். தொலைவிலுள்ள கணினியிலிருந்து சில நொடிகளுக்கொரு முறை மாறும் படத்தைச் சாவியாலோ சாக்கட்டியாலோ பிளேடாலோ தொட முடியாது. 2022 மே 23 அன்று டைம்ஸ் சதுக்கத்துக்கு அருகே நகராட்சியின் கடைசிப் பொதுத் தொலைபேசிக் கூண்டு அகற்றப்பட்டதோடு, இக்கலைக்கு நாற்பதாண்டு இடம்கொடுத்த எளிய பரப்புகளில் ஒன்று நகரிலிருந்து நீங்கியது.

இப்படைப்புகளில் பெரும்பாலானவை இன்று ஒளிப்படங்களாக மட்டுமே எஞ்சியுள்ளன. அவை இடம்பெற்ற பலகைகளின் உரிம ஒப்பந்தங்களோ நகராட்சிக் கோப்புகளில் உறங்குகின்றன. இவ்விரண்டையும் தனித்தனியே வைத்து எழுதும் கலை வரலாறு பாதி வரலாறாகவே இருக்கும் என்பதால், எதிர்கால ஆய்வாளர்கள் ஒவ்வொரு படத்தையும் அது ஒட்டப்பட்ட இடத்தின் ஒப்பந்தத்தோடு சேர்த்துப் படிக்கும் முறையை மேற்கொள்ள வேண்டும்.