விளிக்கப்பட்ட பெண்: தமிழில் கணக்கும் கதையும்

சென்ற பருவத்தில், ராதாபுரம் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் மிகுந்த வகுப்பொன்றில் நாட்டார் வழக்காறுகள் பற்றிய பாடத்தினூடே பழைய விடுகதை ஒன்றைச் சொன்னோம். மரத்தில் அமர்ந்திருக்கும் காக்கைக் கூட்டத்தைப் பார்த்து, வழியே போகும் ஒற்றைக் காக்கை, நூறு பேரும் நலந்தானா என்று கேட்கிறது. நாங்கள் நூறு பேரில்லை என்கிறது கூட்டத்தின் தலைமைக் காக்கை. தாங்களும், தங்கள் அளவே இன்னொரு கூட்டமும், தங்களில் பாதியும், அந்தப் பாதியில் பாதியும், கேட்ட காக்கையும் சேர்ந்தால்தான் நூறு என்று விளக்குகிறது. அப்படியானால் மரத்தில் இருந்தவை எத்தனை?

கடைசி வரிசை மாணவி ஒருவர் எழுதுகோலைத் தொடாமலே முப்பத்தாறு என்றார். "எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று கேட்டோம். "கேட்ட காக்காவக் கழிச்சா தொண்ணூத்தொம்பது சார். கூட்டத்த நாலு காலா வச்சுக்கிட்டா, நாலும் நாலும் ரெண்டும் ஒண்ணும் பதினோரு கால். ஒரு கால் ஒம்பதுல்லா வருது." யார் சொல்லித்தந்தது என்றதற்கு, ஆச்சி என்றார். ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லையாம். கருப்பட்டி விற்ற கணக்கை வாயாலேயே பார்த்தவராம்.

அந்தப் பதினோரு கால் நம்மை நெடுநாள் அலைக்கழித்தது. இயற்கணிதச் சமன்பாடு எழுதி நாம் இரண்டு நிமிடத்தில் அடையும் விடையைப் பின்னமொழியில் வளர்ந்த ஒரு மனம் ஒரே மூச்சில் தொட்டுவிடுகிறது. அதைவிட, அந்த அறிவு அம்மாணவியை வந்தடைந்தது ஒரு கதையின் வழியாக. பதின்பருவத்தினரின் அன்றாட வாழ்வோடு கணிதத்தைப் பின்னும் புனைவு மேலை நாட்டுப் புதுச்சரக்கு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். 15 வயதுச் சிறுவன் ஒருவன் பகா எண்களையே அத்தியாய எண்களாக வைத்துத் தன் கதையைச் சொல்லும் மார்க் ஹேடனின் நாவல் 2003இல் வந்தது. 12 வயது ராபர்ட்டின் கனவில் 12 இரவுகள் எண்பூதம் வந்து கணக்குச் சொல்லும் ஹான்ஸ் மாக்னுஸ் என்சென்ஸ்பெர்கரின் ஜெர்மன் நூல் 1997இல் வந்தது. இவை நல்ல நூல்களே. ஆயினும் இவ்வகைமைக்குத் தமிழில் ஒரு முன்வரலாறு உண்டு. அதற்குள் ஓர் இல்லாமையும் உண்டு. அவ்விரண்டையும் பற்றியதே இக்கட்டுரை.

காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' தமிழ்க் கணித நூல்களுள் மிகுதியாகப் பயின்று வந்தது. அதன் காலம் குறித்து அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. நிலம், பொன், நெல், அரிசி எனப் புழங்குபொருள்களின் வழியே கணக்கைச் சொல்லும் செய்யுள் நூல் அது. பலாப்பழத்தை அறுக்காமலேயே உள்ளிருக்கும் சுளைகளை எண்ணும் வழியைச் சொல்லும் செய்யுளைப் பலரும் அறிவர். காம்பருகே உள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் நூறு எனில் சுளை நூற்றிருபது. விடை ஒவ்வொரு பழத்துக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஆனால் பலாவின் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் எச்சம் என்பதும், கருவுற்ற பூக்களே சுளையாகின்றன என்பதும் தாவரவியல் உண்மைகள். முள்ளுக்கும் சுளைக்கும் உறவு இருக்கக்கூடும் என்று ஊகித்தவர் பழத்தை உற்றுப் பார்த்தவர். அவ்வாறு பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குவதே அச்செய்யுளின் பயன்.

இத்தகைய நூல்களின் பாடல்கள் பலவும் ஒரு பெண்ணை முன்னிறுத்திப் பேசுகின்றன. இழை அணிந்தவளே, மின்னலிடையாளே என்ற போக்கில் அமையும் இந்த விளியை இலக்கணிகள் மகடூஉ முன்னிலை என்பர். யாப்பருங்கலக்காரிகையும் யாப்பிலக்கணத்தை இவ்வாறே ஒரு பெண்ணுக்குச் சொல்லுகிறது. வடமொழியில் பாஸ்கரர் 1150இல் இயற்றிய 'லீலாவதி'யும் இளம்பெண்ணொருத்தியை விளித்துத் தேனீக்களையும் அன்னங்களையும் கொண்டு கணக்குக் கேட்கிறது. லீலாவதி பாஸ்கரரின் மகள் என்பதும், அவள் அணிந்திருந்த முத்து நாழிகை வட்டிலில் விழுந்து துளையை அடைத்ததால் முகூர்த்தம் தவறியது என்பதும், 1587இல் ஃபைசி செய்த பாரசீக மொழிபெயர்ப்பின் வழி நமக்குத் தெரியவந்த கதை. நூலுக்குள் இல்லாத பெண்ணின் வாழ்க்கையை நானூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த மொழிபெயர்ப்பாளர் எழுத நேர்ந்தது. கணக்கு ஓர் ஆளைத் தேடுகிறது. ஆள் வந்ததும் கதை வந்துவிடுகிறது.

செய்யுளில் விளிக்கப்பட்ட பெண் திண்ணையில் இருந்தாளா? 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ உள்நாட்டுக் கல்வி குறித்து மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். மாணவர்களில் பெண்கள் 4,540 பேர். அதாவது ஏறத்தாழ 42 பேருக்கு ஒருவர். இந்த ஆவணங்களை 1983இல் நூலாக்கிய தரம்பால், தமிழ்ப் பகுதிகளின் பள்ளிகளில் பிராமணரல்லாத சாதிப் பிள்ளைகளே பெரும்பான்மையினர் என்பதைக் காட்டினார். அது முக்கியமான திருத்தம். ஆனால் அதே அட்டவணையில்தான் பெண்களின் எண்ணிக்கையும் இருக்கிறது. நம் கல்விப் பழம்பெருமையைப் பேசுவோர் முதல் எண்ணைச் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது.

திண்ணைப்பள்ளியில் கணக்கு எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதைச் செந்தில் பாபு 2022இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்னும் சுவடிகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தனர். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, எட்டு ஆழாக்கு ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்று நெல்லின் அளவு ஏறும். முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கிலிருந்து காணி, மா, கால், அரை என்று பின்னங்கள் ஏறும். மனனம் மட்டும் முடிவன்று. ஊர்ப் பெரியவர்கள் வழியில் பிள்ளையை நிறுத்திக் கணக்குப் போட்டுப் பார்ப்பர். அவர்கள் கேட்பது பெரும்பாலும் கதையுருவில் இருக்கும். குளத்துத் தாமரையில் பூவுக்கொன்றாகக் குருவிகள் அமர்ந்தால் ஒரு குருவி மிச்சம், பூவுக்கிரண்டாக அமர்ந்தால் ஒரு பூ மிச்சம் என்பது அவ்வகை. (பூ மூன்று, குருவி நான்கு.) பதினேழு மாடுகளை மூன்று மக்களுக்குப் பாதி, மூன்றிலொன்று, ஒன்பதிலொன்று எனப் பங்கிடும் தந்தையின் கதையும் அவ்வகை. அதன் உடன்பிறப்பான முப்பத்தைந்து ஒட்டகக் கதையை மல்பா தஹான் என்னும் புனைபெயரில் எழுதிய பிரேசில் கணித ஆசிரியர் 1938இல் தம் புகழ்பெற்ற நூலில் சேர்த்தார். நம்மிடம் அது எழுதியவர் பெயரின்றி வாய்மொழியாக உலவியது.

இம்மரபு ஏன் அறுந்தது? பிரம்படியால் என்று சொல்ல முடியாது. பிரம்பு திண்ணையிலும் இருந்தது. அளவைகள் மாறியது ஒரு காரணம். 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு நயாபைசாவாயிற்று. பதினாறு அணாவும் அறுபத்துநான்கு பைசாவும் கொண்ட பழைய ரூபாயில் பாதிப் பாதியாகப் பிளக்கும் பின்னக்கணக்கு கையிலேயே இருந்தது. தொடர்ந்து வந்த மெட்ரிக் அளவைகள் நாழியையும் குறுணியையும் விலக்கின. மாற்றம் தேவையானதே, ஊருக்கொரு படியால் ஏமாந்தவர்கள் ஏழைகள்தாம். ஆனால் பழைய அளவையில் வாழ்ந்த கதைகளைப் புதிய அளவைக்குப் பெயர்க்க யாரும் முன்வரவில்லை. பாடநூலுக்குள் போன கணக்கு முகமற்றதாயிற்று. அங்கே தொட்டி நிரம்பும், ரயில் ஓடும். தொட்டியில் குளிப்பவரோ ரயிலைத் தவறவிட்டவரோ அங்கே இல்லை.

ராதாபுரம் வட்டாரத்துக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. தாமிரபரணியின் நெல்வயல்களுக்குத் தெற்கே, தேரியும் பனையுமான வறண்ட நிலம் இது. நெல்லிலக்கம் ஆற்றங்கரைக்காரர் கணக்கு. பனையேறிகளின் கணக்கு மரத்திலும் கருப்பட்டி காய்ச்சும் அடுப்படியிலும் இருந்தது. திண்ணைப்பள்ளிகள் எழுதிய ஓலையைத் தந்த மரத்தில் ஏறியவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர் அத்திண்ணையில் அமர்ந்தனர் என்று கேட்காமல் அந்த மரபைக் கொண்டாடுதல் தகாது. 1841இல் இராபர்ட் கால்டுவெல் கிழக்கே இடையன்குடிக்கு வந்தார். அவர் மனைவி எலைசா அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். சரிகைப் பின்னல் போன்ற நூற்பின்னல் வேலையையும் கற்பித்தார். கண்ணிகளை எண்ணி, வடிவம் பிசகாமல் திரும்பச் செய்யும் அவ்வேலையும் கணக்கே. சமயப் பணியின் நோக்கம் வேறாயினும், செய்யுளில் விளிக்கப்பட்ட பெண் இங்கே வகுப்பறைக்குள் வரத் தொடங்கினாள்.

வந்தவளுக்கு என்ன நேர்ந்தது? இதற்குத் தமிழ்ப் புனைவு தந்த விடை இரா. நடராசனின் 'ஆயிஷா'. 1990களில் வெளிவந்த இக்குறுநாவல், அறிவியல் நூலொன்றுக்கு ஓர் ஆசிரியை எழுதும் முன்னுரையாக அமைந்தது. கேள்வி கேட்பதையே இயல்பாகக் கொண்ட பள்ளி மாணவி அதற்காக அடிபடுகிறாள். அடி வலிக்காதிருக்கத் தன்மீதே மருந்தைச் சோதித்து இறந்துபோகிறாள். பேசுபொருள் அறிவியலாயினும், நம் கருத்தில், பதின்பருவமும் பாடமும் ஒரே உயிரில் கலந்த தமிழ்ப் புனைவுக்கு அதுவே அளவுகோல். பல நூற்றாண்டுகளாகச் செய்யுள்களில் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்த பெண் திரும்பிக் கேள்வி கேட்கிறாள். நடராசன் பின்னர் 'கணிதத்தின் கதை'யும் எழுதினார். 'விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்' நூலுக்காக 2014இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றார். ஆனால் கணிதத்தையே ஊடாகக் கொண்ட 'ஆயிஷா' ஒன்று நம்மிடம் இன்னும் எழுதப்படவில்லை என்றே கருதுகிறோம்.

ராமானுஜன் கதை இருக்கிறதே எனலாம். ஆனால் நாம் சொல்லும் ராமானுஜன் மேதை, பதின்பருவத்தினன் அல்லன். 1904இல் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்து, கணிதம் தவிர்த்த பாடங்களில் தோற்று, உதவித்தொகையை இழந்து, 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போன 17 வயதுப் பையனின் அவமானத்தை எத்தனை சிறுவர் நூல்கள் பேசுகின்றன? தேர்வில் தோற்ற பிள்ளைக்குத் துணையாக வரவேண்டியவன் அந்த ஓடிப்போன பையன். நாமோ அவனை விடுத்து, எட்டாத சிலையொன்றைக் காட்டுகிறோம்.

நமக்கு வேண்டுவது கணக்கைத் தேன்தடவித் தரும் கதையன்று. கணக்கில்லாவிட்டால் கதையே நகராது என்னும்படியான கதை. கருப்பட்டிக்கு வியாபாரி தரும் விலை சரிதானா என்று சரிபார்க்க வேண்டிய ஒரு பெண், கால்வாயில் தம் வயலின் முறை எத்தனை நாழிகை என்று வாதாட வேண்டிய ஒரு பையன்: இவர்களுக்குக் கணக்கு மதிப்பெண்ணன்று, பிழைப்பு, சிலவேளை நியாயம்.

அந்த மாணவியிடம் ஆச்சியின் கணக்குக் கதைகளை எழுதி வரும்படி கேட்டிருந்தோம். பருவம் முடியுமுன் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். பதினான்கு கதைகள் இருந்தன. நாம் முன்பு கேட்டறியாதவையும் சில உண்டு. ஒவ்வொன்றின் கீழும் விடை இருந்தது. மூன்றின் கீழ் மட்டும் இல்லை. கேட்டதற்கு, "அது ஆச்சிக்கும் தெரியாது சார். அவங்க அம்மைக்குத் தெரியுமாம்" என்றார். அவற்றுள் இரண்டை நாம் போட்டுப் பார்த்துவிட்டோம். மூன்றாவது இன்னும் மேசைமேல் கிடக்கிறது.