கருக்கலைப்பு: சட்டம் வந்த கதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதும்



நம் மலரில் சேமிப்பு, சுழல்நிதி, வங்கிக் கடன், கறவை மாடு, தையல் பயிற்சி என்று நாம் சாதித்தவை எல்லாம் வரும். வரவேண்டியதுதான். ஆனால் குழுக் கூட்டம் முடிந்து நோட்டை மூடிய பிறகு, இரண்டு பேர் மட்டும் தள்ளி நின்று தாழ்ந்த குரலில் பேசுவதும் உண்டு. "நாள் தள்ளிப் போச்சுக்கா. கைக்குழந்தைக்கு இன்னும் ஒரு வயசுகூட ஆகல. எங்க போறதுன்னு தெரியல." இந்தப் பேச்சு எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. ஆனால் இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரியாததால்தான் நம்மில் பலர் தவறான வாசலில் போய் நிற்கிறோம்.

குற்றமாக இருந்த காலம்

வெள்ளைக்காரர் ஆட்சியில் 1860-ல் இந்திய தண்டனைச் சட்டம் எழுதப்பட்டது. அதில் 312-ஆவது பிரிவு கருக்கலைப்பைப் பற்றியது. தாயின் உயிரைக் காப்பாற்றச் செய்தால் தவிர, கருவைக் கலைப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளிதான்.

சட்டம் தடுத்ததால் பெண்கள் கலைக்காமல் இருந்தார்களா? இல்லை. எருக்கங்குச்சி வைத்தார்கள், கண்ட கஷாயத்தைக் குடித்தார்கள். கர்ப்பப்பையில் சீழ் பிடித்தது, ரத்தம் நிற்காமல் போனது. "ஜன்னி கண்டு செத்துட்டா" என்று ஊர் ஒரு வரியில் முடித்துவிடும். ஏன் ஜன்னி வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

1971: கதவு திறந்தது

சுதந்திரத்துக்குப் பிறகு மருத்துவர்கள் இந்தச் சாவுகளைக் கண்முன் பார்த்தார்கள். 1964-ல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அன்றைய மகாராஷ்டிர சுகாதார அமைச்சர் சாந்திலால் ஷா அதன் தலைவர். 1966-ல் குழு அறிக்கை தந்தது. நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 39 லட்சம் கருக்கலைப்புகள் நடக்கின்றன என்று அந்தக் குழு மதிப்பிட்டது. தடை இருந்தும் இத்தனை! அடுத்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த மக்கள்தொகை அறிஞர் எஸ். சந்திரசேகர் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, இதற்குச் சட்டம் கொண்டுவர முனைப்புக் காட்டினார்.

1971 ஆகஸ்டில் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியது. 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கேட்டவுடன் செய்ய வேண்டும் என்று இச்சட்டம் சொல்லவில்லை. பெண்ணின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ ஆபத்து என்றால் செய்யலாம். பிள்ளைக்குப் பெரிய குறை இருந்தாலும் செய்யலாம். பாலியல் வன்கொடுமையால் உண்டான கருவும், கருத்தடை முறை தவறி உண்டான கருவும் மன நலத்தைக் கெடுக்கும் என்று சட்டமே ஏற்றுக்கொண்டது. ஆனால் கருத்தடை தவறிய காரணத்தை "மணமான பெண்ணோ அவள் கணவனோ" மட்டுமே சொல்லலாம் என்று அன்று எழுதினார்கள்.

அந்தச் சொல்லை மாற்ற ஐம்பது ஆண்டு ஆனது. 2021-ல் திருத்தம் வந்து, "எந்தப் பெண்ணும் அவள் துணையும்" என்று ஆனது. 20 வாரம் வரை ஒரு மருத்துவர் ஒப்புக்கொண்டால் போதும். வன்கொடுமைக்கு ஆளானவர், 18 வயது நிரம்பாதவர், கர்ப்பத்தின்போது கணவனை இழந்தவர் அல்லது மணமுறிவு பெற்றவர், மாற்றுத்திறனாளி போன்றவர்களுக்கு இரண்டு மருத்துவர் ஒப்புதலோடு 24 வாரம் வரை அனுமதி உண்டு. பெண்ணின் பெயரை வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறை என்றும் எழுதினார்கள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் இதே பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடக்கூடாது என்றும் சொன்னது.

நம் ஊரில் நடந்தது

சட்டம் இவ்வளவு தூரம் வந்தது. நாம் எவ்வளவு தூரம் வந்தோம்? 2018 டிசம்பரில் நம் திருவண்ணாமலையில், மருத்துவம் படிக்காத ஒரு பெண்மணி ஸ்கேன் வைத்து ஆணா பெண்ணா என்று பார்த்துக் கருக்கலைப்பு செய்ததாகக் கைதான செய்தி தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. சாமி கும்பிட ஊரே வந்து போகும் இடத்தில், பெண்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டும் ஒரு கூட்டம் வந்து போயிருக்கிறது.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும் 1994-ல் வந்த வேறொரு சட்டப்படி குற்றம். அதற்காகக் கலைப்பது அநியாயம். அதைப் பார்த்துவிட்டு, "கலைக்கிறதே போலீஸ் கேசு" என்று நம் பெண்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. அந்தப் பயம்தான் நம்மைப் படிக்காதவர் வீட்டுக்கும் மருந்துக்கடைக்கும் அனுப்புகிறது. 2015-ல் நாட்டில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2018-ல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதில் நூற்றுக்கு 22 மட்டுமே மருத்துவமனையில் நடந்தவை.

போனால் என்ன நடக்கும்?

நாள் தள்ளினால் காத்திருக்காதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். வாரக் கணக்கைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். சீக்கிரம் போனால் வழி சுலபம், ஆபத்தும் குறைவு. அரசு மருத்துவமனையில் இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

அங்கே ரத்த அளவு, ரத்த வகை பார்ப்பார்கள். கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா, குழாயில் தங்கிவிட்டதா என்று ஸ்கேன் எடுக்கலாம். குழாய்க் கரு மாத்திரையால் போகாது, உயிருக்கே ஆபத்து. கடையில் வாங்கித் தானே மாத்திரை போடக்கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம். 18 வயது நிரம்பியவருக்குத் தன் கையெழுத்து மட்டும் போதும். "புருஷன் கையெழுத்து வேணும்", "ஆபரேஷன் பண்ணிக்கிட்டாதான் கலைப்போம்" என்பதெல்லாம் சட்டத்தில் இல்லை.

ஒன்பது வாரத்துக்குள் என்றால் மாத்திரை முறை உண்டு. நம் நாட்டில் 2002-ல் அனுமதி கிடைத்தது. முதல் மாத்திரை போட்டு ஒன்று, இரண்டு நாள் கழித்து இரண்டாவது மாத்திரைகள். அதன் பிறகு சில மணி நேரத்தில் வயிற்றை முறுக்கும் வலியும், மாதவிலக்கைவிட அதிகமான போக்கும், கட்டிகளும் வரும். குளிர், வாந்தி, பேதி சிலருக்கு வரும். அன்று வேலைக்குப் போகாமல், துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வாரம் லேசாகப் பட்டுக்கொண்டிருக்கலாம். 12 வாரத்துக்குள் இன்னொரு முறை, உறிஞ்சி எடுப்பது. சில நிமிட வேலை. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

எந்த முறையானாலும் இந்த அறிகுறிகள் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்:

• ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் முழுதும் நனைந்து, அடுத்த மணியிலும் அப்படியே போவது
• மாத்திரை போட்ட மறுநாளும் விடாத காய்ச்சல்
• நாற்றமுள்ள போக்கு
• தாங்கமுடியாத வலி, மயக்கம்
• மாத்திரை போட்டும் ரத்தமே படாமல் இருப்பது

அவசரத்துக்கு 108. சந்தேகம் கேட்க 104. இரண்டு வாரம் கழித்து மறுபடி காட்டி, முழுதும் வெளியேறிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்த மாதவிலக்கு வருவதற்கு முன்பே மீண்டும் கரு தரிக்கலாம். அதனால் அன்றே கருத்தடை பற்றிக் கேட்டுவிடுங்கள். முறையாகச் செய்தால் பின்னால் பிள்ளை பிறக்காது என்பது வீண் பயம்.

குழுவின் கடமை

கந்துவட்டிக்காரரிடம் போகாதே, குழுவில் கடன் வாங்கு என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் இந்தக் கூட்டமைப்பு வளர்ந்தது. இதற்கும் அதேதான். மருந்துக்கடைக்குப் போகாதே, குச்சி வைப்பவரிடம் போகாதே, வா, நான் ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றேன் என்று சொல்ல ஒவ்வொரு குழுவிலும் ஒருத்தி இருக்க வேண்டும். கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லாதவளாகவும் அவள் இருக்க வேண்டும். பெற்றுக்கொள்வதோ வேண்டாம் என்பதோ அந்தப் பெண்ணின் முடிவு. அவள் உயிரோடு வீடு திரும்புவது நம் எல்லோர் பொறுப்பு.