ஓடாத குதிரைக்கு என்ன மதிப்பு?

கயிறு மாறிய பிறகு கேள்வி கிடையாது. மாட்டுச் சந்தை பார்த்த நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விற்றவன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போவான். வாங்கியவன் தன் கயிற்றைப் பூட்டுவான். அதற்குப் பிறகு மாடு படுத்தாலும் பாய்ந்தாலும் அது வாங்கியவன் பாடு.

இதே வழக்கம் மாணிக்கவாசகர் கதையிலும் வருகிறது. பாண்டியனின் மந்திரி திருவாதவூரர், குதிரை வாங்கக் கொண்டுபோன அரசாங்கப் பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்கும் அடியாருக்கும் செலவழித்துவிட்டார். சொக்கநாதரே குதிரை வாணிகராக வேடமிட்டு, நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். அரசன் பார்த்தான், குதிரைகளின் நடையில் மயங்கினான், கயிறு மாற்றி வாங்கிக்கொண்டான். இரவு லாயத்தில் அத்தனையும் நரியாகி, ஏற்கெனவே அங்கே கட்டியிருந்த நல்ல குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. பக்திக் கதையாகத்தான் இதை நாம் கேட்டு வளர்ந்தோம். ஆனால் கருவூலத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பட்டியல் சரிபார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. ஓட்டிப் பார்க்காத குதிரையைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்கிய ஓர் அரசனின் கதை இது.

இதற்குப் பின்னால் வரலாறும் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கினார். அவர் புத்தகம் முதலில் எழுதப்பட்டது பழைய பிரெஞ்சில்தான். புதுச்சேரிப் பள்ளிக்கூடத்தில் அதன் சில பக்கங்களை எங்களுக்கு டிக்டேஷன் போட்டார்கள், எழுத்துப்பிழைக்குப் பயந்ததில் விஷயம் மண்டையில் ஏறவில்லை. பிற்பாடு நிதானமாகப் படித்தபோதுதான் கணக்கு புரிந்தது. அரசன் வருஷத்துக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்குகிறான், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார் போலோ. வைத்தியம் தெரிந்த ஆள் கிடையாது. இறைச்சி சேர்த்து வேகவைத்த சோற்றைக் குதிரைக்குப் போடுகிறார்கள். விற்கும் வியாபாரிகளோ லாடக்காரனை இங்கே வரவே விடுவதில்லை, குதிரை செத்தால்தானே மறு வருஷமும் வியாபாரம்!

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இன்னும் ஒருபடி மேலே போகிறார். வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரை காயல் முதலான துறைமுகங்களில் இறங்கியது, ஒன்றின் விலை 220 தினார் பொன், வழியில் கடலில் செத்த குதிரைக்கும் கருவூலத்திலிருந்து பணம் உண்டு என்று எழுதுகிறார். அப்படி ஒரு பட்டியல் என் மேசைக்கு வந்திருந்தால் சிவப்பு மையில் ஆட்சேபம் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆக, ஓடாத குதிரையை மதிப்பிடுவது எப்படி என்பது நம் சீமைக்குப் பழைய கேள்வி. நம்மவர்கள் கண்டுபிடித்த பதில் சுழி. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தில் குதிரைக்கு நிறம், சுழி, குரல், வாசனை வரை இலக்கணம் உண்டு. அதே அறிவுதான் மாட்டுக்கும் வந்தது. கோபுரச் சுழி, ராஜ சுழி என்றால் விலை ஏறும். பாடைச் சுழி, விலங்குச் சுழி, துடைப்பச் சுழி என்றால் மாடு எவ்வளவு நன்றாக நடந்தாலும் தரகர் முகம் சுளிப்பார். சுழிக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் நம்பவில்லை. ஆனாலும் சுழி பார்க்கிறேன் என்று மாட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறவன் அதன் காலையும் குளம்பையும் கண்ணையும் மூச்சையும் சேர்த்தே பார்த்துவிடுகிறான். அந்த அளவில் அது வீண் வேலையில்லை.

வெள்ளைக்காரன் கண்டுபிடித்த பதில் புத்தகம். 1791-ல் இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளின் வம்சாவளிப் பதிவேடு அச்சானது. இன்றைக்கு உலகத்தில் ஓடும் உயர்சாதிப் பந்தயக் குதிரைகளின் ஆண் வழியை எடுத்தால் மூன்றே மூன்று கிழக்கத்திக் குதிரைகளில் போய் முடியும். பயர்லி துருக்கி, டார்லி அரபி, கோடால்ஃபின் அரபி என்று அவற்றுக்குப் பெயர். அப்பன் யார், தாத்தன் யார் என்று பார்த்தால் ஓடாத குட்டிக்கும் விலை போட்டுவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. சமதளத்தில் வேகமாக ஓடும் பந்தயத்துக்கு இது ஓரளவு சரி. தடை தாண்டும் பந்தயத்துக்கு வந்தால் கணக்கு இடறுகிறது.

இந்தப் பந்தயத்தை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். கிண்டியில் நம் காலத்தில் நடந்தது சமதள ஓட்டம். வெள்ளைக்காரர் காலத்தில் கல்கத்தா டாலிகஞ்சில் தடை தாண்டும் ஓட்டங்கள் நடந்தன. அதன் தாய்வீடு அயர்லாந்து. 1752-ல் இரண்டு கனவான்கள், ஒரு மாதாகோயில் கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரம் வரை வேலி, வாய்க்கால், கல்சுவர் எல்லாம் தாண்டி யார் முதலில் போவது என்று பந்தயம் கட்டினார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் இது. பிரெஞ்சில் இதன் ஒரு வகைக்கு 'கூர்ஸ் த ஏ' என்று பெயர், வேலிப் பந்தயம் என்று பொருள். பாரிசில் இதற்கென்றே ஓத்தேய் மைதானம் 1873-ல் திறக்கப்பட்டது. இங்கிலாந்தில் இதை ஹர்டில் என்கிறார்கள். மூன்றரை அடி உயரமுள்ள தட்டித் தடுப்புகள், குறைந்தது எட்டு, தூரம் இரண்டு மைலுக்குக் குறையாது. பருவம் தொடங்கும்வரை இந்த வகையில் ஒரு பந்தயமும் ஜெயிக்காத குதிரைக்கு 'நாவிஸ்' என்று பெயர். புதுமுகம் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் புதுமுகங்களுக்குத் தனிப் பந்தயம் உண்டு.

புதுமுகத்தை எடைபோடுவது ஏன் சிரமம்? முதலாவது, சமதளத்தில் அது காட்டிய வேகம் பாதிச் சாட்சிதான். தடுப்புக்கு முன்னால் அடியை அளந்து வைக்கத் தெரியாத குதிரை, ஒவ்வொரு தடுப்பிலும் அரை உடல் நீளம் இழக்கிறது என்று வையுங்கள். எட்டுத் தடுப்பில் நான்கு நீளம் போயிற்று. அவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தாலே அங்கே நல்ல வெற்றி. வேகம் குறைந்த குதிரை, ஓட்டத்தை நிறுத்தாமல் தாழ்வாகத் தாண்டி அந்த நான்கு நீளத்தைச் சும்மாவே சம்பாதித்துவிடும். இரண்டாவது, நிலம். குளிர்கால மழையில் சேறாகிவிட்ட புல்தரையில் ஓடவேண்டும், காய்ந்த தரையில் பறந்தது அங்கே முழங்கால் மடங்கி நிற்கும். மூன்றாவதுதான் எனக்குச் சுவாரசியமானது. இந்தக் குதிரைகளில் பெரும்பாலானவை காயடிக்கப்பட்டவை, நம் உழவு மாடு போல. பெரிய வெற்றிக் குதிரைக்கு வாரிசே கிடையாது. அதனால் வம்சாவளி பார்க்கிறவன் தகப்பனோடு நிற்காமல் தாய் வழியையும் கூடப்பிறந்தவற்றையும் தேடிப் போகவேண்டும்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்லியே ஆகவேண்டும். ஆர்க்கிள் என்று அயர்லாந்தில் ஒரு குதிரை. 1960-ல் டப்ளின் ஏலத்தில் 1,150 கினிக்குப் போனது. தகப்பன் மைதானத்தில் பேர் வாங்காத குதிரை, தாய் கொஞ்சம் கெட்டிக்காரி. தடுப்பில்லாத பழக்க ஓட்டம் இரண்டில் விட்டார்கள், ஒன்றில் மூன்றாவது, மற்றதில் நான்காவது. 1962 ஜனவரியில் நவான் மைதானத்தில் புதுமுகங்களுக்கான தடுப்பு ஓட்டத்தில் இறக்கினார்கள். நல்ல சேறு. அதே லாயத்திலிருந்து கெர்ஃபோரோ என்ற இன்னொரு குதிரையும் ஓடியது. அந்த லாயத்தின் முதன்மைச் சவாரிக்காரர் பாட் டாஃப், கெர்ஃபோரோமேல்தான் ஏறினார். ஊர்ப் பணமும் அதன் மேல்தான். ஆர்க்கிளுக்கு 20-க்கு 1 என்று விலை. ஜெயித்தது ஆர்க்கிள். பிறகு 1964, 65, 66 என்று தொடர்ந்து மூன்று வருஷம் செல்டனம் தங்கக் கோப்பை. தடை தாண்டும் குதிரைகளில் அதற்கு இணை இல்லை என்று இன்றும் சொல்கிறார்கள். தினமும் அந்த லாயத்தில் இருந்தவர்கள்கூட அன்று காலையில் அதை இரண்டாவதாகத்தான் மதித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மறுபக்கமும் உண்டு. கோல்டன் சிக்னெட் என்ற புதுமுகம் 1978 மார்ச்சில் செல்டனத்தில் பதினைந்து நீளத்தில் ஜெயித்தது. இது அடுத்த பத்து வருஷத்தை ஆளும் என்றார்கள். அடுத்த மாதமே ஸ்காட்லாந்தில், கடைசித் தடுப்பில் விழுந்து, காயத்தில் இறந்துபோனது. மதிப்பீடு தப்பவில்லை, குதிரைதான் இல்லாமல் போயிற்று.

இனி நம் கிண்டிக்கு வருவோம். 1974-ல் கருணாநிதி ஆட்சியில் குதிரைப் பந்தயச் சூதை ஒழிக்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை ஏளனம் செய்கிறவர்கள், சம்பளம் வாங்கிய முதல் சனி ஞாயிறில் முழுச் சம்பளத்தையும் கிண்டியில் விட்டுவிட்டு வந்த குமாஸ்தாவின் வீட்டைப் பார்த்திராதவர்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். கோப்புக்கு அடியில் ரேஸ் புத்தகம் எப்போதும் இருக்கும். அவர் மனைவி ஒன்றாம் தேதி மதியமே அலுவலக வாசலில் வந்து நிற்பார். நாங்கள் பார்க்காத மாதிரி எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுவோம்.

சட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஜனவரி 12 அன்று, டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கு என்று பெயர்பெற்ற அந்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. குதிரையின் இயல்பான ஆற்றல், பயிற்சி, சவாரிக்காரரின் திறமை, முன்னால் ஓடிய ஓட்டங்களின் கணக்கு இவற்றை வைத்து ஆராய்ந்து கணிக்க முடியும், ஆகவே இது பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, வெறும் சூதாட்டம் ஆகாது என்றது. கிண்டி மன்றத்தை அரசே எடுத்துக்கொள்ள 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த சட்டமும் அதே தீர்ப்பில் அடிபட்டது.

தீர்ப்பை மறுக்க நான் யார்? திறமை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் திறமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பத்து முறை ஓடிய குதிரைக்குக் கணக்கு இருக்கிறது, எல்லோரும் படிக்கலாம். முதன்முதலாக இறங்கும் குதிரைக்கு என்ன இருக்கிறது? அதைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவனுக்குத் தெரியும், காலையில் கொள்ளை மிச்சம் வைத்ததா என்று. பயிற்சியாளருக்குத் தெரியும், மூச்சு எந்த இடத்தில் வாங்குகிறது என்று. அப்படித் தெரிந்தவர்களே ஆர்க்கிளைத் தவறவிட்டார்கள். ஜன்னலில் கையை நீட்டிச் சீட்டு வாங்குகிற குமாஸ்தாவிடம் வந்து சேர்வது அந்தத் திறமையின் நிழல்தான். திறமை லாயத்திலும் நஷ்டம் ஜன்னலிலும் இருக்கிறது. 2023 அக்டோபர் முதல் குதிரைப் பந்தயத்தையும் கேசினோவையும் ஒரே வரிசையில் வைத்து, கட்டிய முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள். வரிக்காரருக்கு அந்தத் தீர்ப்பு நினைவில் இல்லை போலும்!

நம் கம்பம் பள்ளத்தாக்கில் இந்த விஷயம் வேறு மாதிரி நடக்கிறது. ராயப்பன்பட்டியிலிருந்து சண்முகாநதிப் பக்கமோ சின்னமனூர்ப் பக்கமோ விடியற்காலையில் போனால் பந்தயக் கன்றுகளை நடத்திப் பழக்குகிறவர்களைப் பார்க்கலாம். தேனி மாவட்டத்து இரட்டை மாட்டுவண்டிப் பந்தயங்களில் தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, புள்ளிமான், கரிச்சான், நடுமாடு, பெரிய மாடு என்று பிரிவு வைத்திருக்கிறார்கள். பெயர்களைப் பாருங்கள், எவ்வளவு அழகு! புதுமுகத்துக்குத் தனிப் பந்தயம் என்று செல்டனத்தில் இருப்பதும், இளங்கன்றுக்குத் தட்டான்சிட்டு என்று இங்கே இருப்பதும் ஒரே யோசனைதான். ஓடிப் பழகிய பெரிய மாட்டோடு கன்றைச் சேர்த்து விட்டால் அது தோற்பது மட்டுமல்ல, மனசும் உடைந்துவிடும்.

கன்றை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று இங்கே கேட்டால் சுழியில் ஆரம்பிப்பார்கள், ஆனால் சுழியில் நிற்க மாட்டார்கள். கூட்டத்தையும் மேளத்தையும் கண்டு மிரளுகிறதா, ஜோடி மாட்டோடு ஒத்து அடி வைக்கிறதா, சாரதியின் குரலுக்குக் காதைத் திருப்புகிறதா, தார்ச்சாலையில் குளம்பு தாங்குமா என்று ஒவ்வொன்றாக வரும். இதில் ஜோடி என்பது குதிரைக்கு இல்லாத சிக்கல். தனித்தனியாக நல்ல கன்றுகள் இரண்டைப் பூட்டினால் ஒன்று இழுக்கும், ஒன்று தொங்கும். மாமன் மச்சான் கூட்டுக் கமிஷன் கடை மாதிரி! அதைப் பூட்டி ஓட்டிப் பார்த்தாலொழியத் தெரியாது. தப்பாகக் கணித்தால் கன்றை வாங்கி, பருத்திக்கொட்டையும் தவிடும் போட்டு வளர்த்தவரின் பணம்தான் முதலில் போகிறது, அதனால் அவர் கண்ணும் கூர்மையாகிறது.

ஒரு கன்று தட்டான்சிட்டில் ஓடுவதற்கான காலம் மிகக் கொஞ்சம். செல்டனம் புதுமுகத்துக்கும் அப்படித்தான், ஒரு பருவம் போனால் அந்தப் பெயர் போய்விடும். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தபோது, வளர்ந்த மாடுகளுக்கு முன்னால் ஓடிய பேராவது இருந்தது. அந்த வருஷங்களில் பிறந்த கன்றுகளுக்கு அதுவும் இல்லை. முறையாக ஓடிக் காட்ட இடமில்லாத கன்றுக்குச் சந்தையில் என்ன மதிப்பு? எடைக்குத்தான். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் வந்தபோது அவற்றுக்கு இளங்கன்று வயது தாண்டியிருந்தது. 2023 மே 18-ல் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. இப்போது தட்டான்சிட்டில் இறங்கும் கன்றுகள் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பிறந்தவை.