பூங்காவா, குழாயா என்று கேட்பவர்கள் விட்டுவிடும் மூன்றாமவர்

ஞாயிறு மாலைகளில் நெய்வேலியில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி தன் வகுப்பு விவாதத் தலைப்பைக் கொண்டுவந்தார். ஆற்றங்கரையில் ஒரு பூங்கா. அதற்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய் ஆற்றில் விழும் இடத்தில் உடைந்திருக்கிறது. பூங்காவைத் தோண்டிச் சரிசெய்யலாமா, கூடாதா? வட்டத்தில் பாதிப் பேர் மரங்களின் பக்கம், மீதிப் பேர் குழாயின் பக்கம். அந்தக் குழாய்க்குள் இறங்கப் போவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்தே எங்களுக்கும் அது உறைத்தது.

இதில் வியப்பில்லை. 1956இல் நிறுவனம் தொடங்கியதும் வரைபடம் போட்டுக் கட்டிய ஊர் நெய்வேலி. எண் போட்ட வட்டங்கள், அகலமான சாலைகள், நிழல் மரங்கள். இங்கே வளர்ந்தவர்களுக்குப் பூங்காவும் மூடிய சாக்கடையும் தாமாகவே முளைத்தவை போலத் தோன்றும். தேவைப்பட்டால் ஆற்றையே இடம் மாற்றிக்கொள்ளும் ஊர் இது. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கியதைப் பார்த்தோம். நீரை எங்கே திருப்புவது என்று முடிவெடுப்பவர் ஒருவர், அதன் விலையைக் கொடுப்பவர் வேறொருவர். சாக்கடையின் வரலாறும் இதேதான்.

மாணவி கேட்ட கேள்வி லண்டனில் நிஜமாகவே எழுந்தது. மழை பெய்யும்போதெல்லாம் தேம்ஸ் ஆற்றில் கழிவுநீர் வழிந்ததால், ஆற்றுக்கு அடியில் 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கக் குழாய் அமைக்க முடிவானது. அதற்கான பணித்தளங்களில் ஒன்றாக ஷாட்வெல் பகுதியின் கிங் எட்வர்டு நினைவுப் பூங்காவைக் குறித்தார்கள். கிழக்கு லண்டனின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் 1922இல் திறக்கப்பட்ட பூங்கா அது. சுற்றியிருந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். கடைசியில் வேலையின் பெரும்பகுதி பூங்காவை விட்டு நகர்ந்து ஆற்றின் கரையோரப் படுகைக்குப் போனது. 2025இல் சுரங்கம் முழுமையாக இயங்கத் தொடங்கியது. பூங்காவும் பிழைத்தது, குழாயும் வந்தது. ஏழைகளின் பூங்காவைச் சுற்றியிருந்த மக்களே காத்தார்கள், அவர்களை யாரும் அந்த இடத்தைவிட்டு வெளியேற்றவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

நம் மாநிலத்தில் இதற்கு மிக அருகில் வரும் கதை சென்னை அடையாற்றுக் கழிமுகத்தில் இருக்கிறது. சென்னையின் பாதாளச் சாக்கடைக்கு 1910 வாக்கில் திட்டம் போட்டவர்கள், 1961இல் ஊரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். 1961 கணக்கெடுப்பிலோ மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. குழாய் தாங்காத கழிவு மழைநீர் வடிகாலுக்குப் போனது, அங்கிருந்து அடையாற்றுக்கும் கூவத்துக்கும் போனது. முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்துக்கொள்ளும் மாதங்களில் அத்தனையும் அங்கேயே தேங்கும். பிழை கணக்குப் போட்டவர்களுடையது. பழி மட்டும் கரையில் குடிசை போட்டவர்கள்மேல் விழுந்தது.

1990களில் அந்தக் கழிமுகத்தின் ஓடைப் பகுதியில் அம்பேத்கர் நினைவகத்துக்கு அரசு நிலம் ஒதுக்கியது. சதுப்பு நிலத்தில் கட்டடம் கூடாது என்று சூழலியல் ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் சொன்னது தவறு என்று நாம் சொல்லப் போவதில்லை. ஓடை ஓடையாகவே இருக்க வேண்டும். ஆனால் அதே கழிமுகத்தை ஒட்டி எம்.ஆர்.சி. நகரில் அடுக்குமாடிகளும் நட்சத்திர விடுதியும் எழுந்து நிற்பதை அண்ணலின் மணிமண்டபத்துக்குப் போகும் எவரும் பார்க்கலாம். சதுப்பு நிலம் எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சதுப்பாக இருப்பதில்லை.

மணிமண்டபத்துக்குப் பக்கத்திலேயே 58 ஏக்கரில் சுற்றுச்சூழல் பூங்கா அமைந்தது. தொல்காப்பியப் பூங்கா என்று பெயர் சூட்டி 2011 ஜனவரி 22 அன்று அன்றைய முதலமைச்சர் கருணாநிதி திறந்துவைத்தார். குப்பையும் கழிவும் நிறைந்து கிடந்த இடத்தில் நீர்ப்பரப்பும் மரங்களும் பறவைகளும் திரும்பி வந்தன. அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் நினைத்த மாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போகும் பூங்காவாகப் பல ஆண்டுகள் அது இருக்கவில்லை. முன்பதிவு செய்து, குழுவாகப் போக வேண்டியிருந்தது. பூங்காவுக்காகத் தொடங்கிய அறக்கட்டளை 2010இல் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையாக விரிந்தது. ஆற்றில் விழும் கழிவுநீர்க் குழாய்களை அடைப்பது, கரையில் செடி நடுவது, கரையில் வாழ்பவர்களை 'மறுகுடியமர்த்துவது' எல்லாம் ஒரே திட்டத்தின் வரிகளாயின. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித்துகள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கரையில் வெள்ள அபாயம் என்று தூக்கியவர்களைக் கொண்டுபோய் வைத்த செம்மஞ்சேரியும் மழைக்காலத்தில் மூழ்குகிறது. 2022 மே மாதம், பூங்காவிலிருந்து அதிகத் தூரமில்லாத ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகளை இடித்தபோது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார்.

இப்போது குழாய்க்கு வருவோம். ஆற்றுவாயை மட்டும் அடைத்தால் கழிவு மறைந்துவிடாது. மேலே உள்ள குழாய்க்கும் உந்து நிலையத்துக்கும் அதைத் தாங்கும் கொள்ளளவு இல்லையென்றால், அது பின்வாங்கித் தாழ்வான தெருக்களில் பொங்கும். அந்தத் தாழ்வான தெருக்களில் குடியிருப்பவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். அடைப்பெடுக்க ஒரு ஒப்பந்தக்காரர் வருவார், கூடவே கயிறும் மூங்கில் குச்சியுமாக இரண்டு பேர் வருவார்கள். அவர்கள் அருந்ததியராகவோ பறையராகவோ சென்னையில் ஆதி ஆந்திரராகவோ இருப்பார்கள். மூடியைத் திறந்ததும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. முதலில் இறங்கியவர் மயங்கினால் அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் சாகிறார். அந்த மூடிக்கு இப்போது 'இயந்திர நுழைவுவாயில்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பெயர் மாறியது.

1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. 2014 மார்ச் 27 அன்று, சஃபாய் கர்மசாரி அந்தோலன் தொடுத்த வழக்கில், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2023 அக்டோபர் 20 அன்று வேறொரு வழக்கில் அதை 30 லட்சமாக்கியது. சாக்கடை மரணங்கள் பற்றி ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த பட்டியல்களில் தமிழ்நாட்டின் பெயர் திரும்பத் திரும்ப முதலிடத்தில் வந்தது. சமூகநீதி மண் என்று நாம் மேடையில் பேசும் அதே தமிழ்நாடு. 2013 சட்டத்தைப் படிக்கும்போது ஒரு வரியில் நின்று பாருங்கள். பாதுகாப்புக் கருவிகள் தராமல் ஆளை இறக்குவதைத்தான் அது 'ஆபத்தான சுத்தம்' என்று வரையறுக்கிறது. கையுறையும் முகமூடியும் கொடுத்ததாகக் கணக்குக் காட்டி ஆளை இறக்க நினைப்பவருக்கு அந்த வரி ஒரு கதவைத் திறந்துவைக்கிறது.

ஆகவே விவாதத் தலைப்பை எங்கள் வட்டத்தில் திருத்தி எழுதினோம். பூங்காவைத் தோண்டுவதா என்று கேட்பதற்கு முன்னால், மேலே கொள்ளளவு கூட்டப்பட்டதா, வேலையை இயந்திரம் செய்யுமா, கரையில் இருக்கும் வீடுகள் அங்கேயே இருக்குமா, பூங்காவின் கதவு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் திறக்குமா என்று கேட்டோம். இதற்கெல்லாம் பதில் வந்த பிறகு இரண்டு மரத்தை வெட்டியாக வேண்டும் என்றால் வெட்டலாம் என்று மாணவி சொன்னார். மரங்களின் பக்கம் பேசியவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. விவாதம் முடியவில்லை.

அடுத்த ஞாயிறு 2013 சட்டத்தின் இரண்டாம் பிரிவைச் சேர்ந்து படிக்கிறோம். வருவதற்கு முன் உங்கள் தெருவில் அடைப்பெடுக்க வருகிறவரிடம் பேசிவிட்டு வாருங்கள், தோழர்களே. எந்த ஊரிலிருந்து வருகிறார், யாரிடம் கூலி வாங்குகிறார், கடைசியாக எப்போது உள்ளே இறங்கினார் என்று கேளுங்கள். முதலில் அவர் பெயரைக் கேளுங்கள். அண்ணா என்றோ அக்கா என்றோ கூப்பிட்டுக் கேளுங்கள்.