பூச்சியத்தைத் தொட்டு அறிந்தவர்கள்

கணினியின் கட்டளைப்படி மரத்தையும் பிளாஸ்திக்கையும் மென்மையான உலோகங்களையும் செதுக்குகின்ற 'சீ.என்.சீ. றவுட்டர்' என்ற இயந்திரம் ஒரு காலத்தில் பெரும் தொழிற்சாலைகளுக்கு மாத்திரமே உரியதாக இருந்தது. இன்று அது உலகின் பல நாடுகளில் பொழுதுபோக்காளர்களின் வீட்டுப் பட்டறைகளுக்கும் வந்துவிட்டது. ஆனால், அந்த இயந்திரத்தை இயக்குபவர் வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னர் செய்கின்ற முதற் காரியம் கணினி யுகத்துக்குச் சற்றும் பொருத்தமில்லாதது போலத் தோன்றும். பலகையின் மீது ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து விரலால் அங்குமிங்கும் அசைத்துக்கொண்டே, சுழலாத வெட்டலகைச் சிறிது சிறிதாகக் கீழிறக்குவார். காகிதம் இறுகத் தொடங்கும் கணத்தில் நிறுத்துவார். சாதாரண அலுவலகக் காகிதத்தின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். அந்தத் தடிப்பைக் கணக்கிற் சேர்த்துக்கொண்டு, 'இதுவே பலகையின் மேற்பரப்பு, இதுவே பூச்சியம்' என்று இயந்திரத்துக்கு அறிவிப்பார்.

இவ்வளவு நுட்பமான இயந்திரத்துக்குத் தன்னுடைய பூச்சியம் எங்கே இருக்கின்றது என்பது ஏன் தெரியாது? விடை எளியது. பொழுதுபோக்கு இயந்திரங்களிற் பெரும்பாலானவை படிமுறை மோட்டார்களால் இயங்குபவை. இத்தனை படி நகர்ந்தேன் என்று கணக்கிட மட்டுமே அவற்றுக்குத் தெரியும். அச்சுகளின் எல்லையிலுள்ள ஆளி, சட்டகத்தின் மூலையை இயந்திரத்துக்குக் காட்டிக் கொடுக்கும். ஆனால் இன்று மேசையில் வைக்கப்பட்ட பலகையின் தடிப்பு எவ்வளவு, கவ்வியிலிருந்து வெட்டலகு எவ்வளவு நீண்டு நிற்கின்றது என்பவற்றை எந்த ஆளியும் சொல்லாது. வெட்டலகை மாற்றினால் நீளமும் மாறும். செங்குத்துப் பூச்சியத்தை மீண்டும் தேடவேண்டும்.

நீள அகல அச்சுகளில் அரை மில்லிமீற்றர் பிசகினால் உருவம் முழுவதும் சற்று விலகி அமையும். கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. உயரத்தில் அதே பிசகு ஏற்பட்டால் கதை வேறு. 90 பாகைக் கூர்முனை அலகினால் எழுத்துப் பொறிக்கும்போது கோட்டின் அகலம் ஆழத்தின் இரு மடங்காகும். அரை மில்லிமீற்றர் கூடுதலாக ஆழ்ந்தால் ஒவ்வொரு கோடும் ஒரு மில்லிமீற்றர் தடித்துவிடும். மின்சுற்றுப் பலகையிற் பொதுவாக உள்ள செப்புப் படலத்தின் தடிப்போ 0.035 மில்லிமீற்றர் மாத்திரமே. ஈய எழுத்துக்களைக் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலத்தில், மங்கலாக விழுந்த இடங்களுக்கு மெல்லிய தாளை ஒட்டி உயரத்தைச் சரிசெய்த அச்சகத் தொழிலாளர்கள் இந்தச் சிக்கலை நன்கறிவார்கள்.

தொடுகையால் அளக்கின்ற இந்தக் கலையின் வேர்கள் பிரித்தானியக் கைத்தொழிற் புரட்சியிலே இருக்கின்றன. இலண்டனில் பட்டறை நடத்திய ஹென்றி மோட்ஸ்லி (1771 – 1831) தன்னுடைய மேசை மைக்ரோமீற்றருக்கு 'லோர்ட் சான்சலர்' என்று பெயர் சூட்டியிருந்தார். அளவு பற்றிய சர்ச்சையில் அதன் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது என்பதே பெயரின் பொருள். அவரிடம் பணியாற்றிய ஜோசப் விட்வேர்த் (1803 – 1887) 1840ஆம் ஆண்டில் மூன்று தகடுகளைக் கொண்டு மெய்யான சமதளத்தை உருவாக்கும் முறையை விளக்கினார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால் ஒன்று குழிந்தும் மற்றையது குவிந்தும் இருந்தாற்கூடப் பொருந்திவிடும். மூன்றும் தமக்குள் மாறி மாறிப் பொருந்தவேண்டுமானால் மூன்றுமே சமதளமாக இருந்தாகவேண்டும்.

விட்வேர்த்தின் அளவை இயந்திரம் அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை உணர்ந்தது. எப்படி? அளக்கப்படும் பொருளின் முனைக்கும் இயந்திரத்தின் முகத்துக்கும் இடையில் மெல்லிய உருக்குத் துண்டொன்றை அவர் வைத்தார். தொடுகை சரியாக அமைந்தால் அது விழாமல் தொங்கி நிற்கும். திருகுச் சக்கரத்தை ஒரேயொரு பிரிவு பின்னோக்கித் திருப்பினால் தன் பாரத்தாலேயே நழுவி விழும். அந்த உருக்குத் துண்டு செய்த வேலையைத்தான் இன்று காகிதத் துண்டு செய்கின்றது.

இயந்திரத்துக்கு எண்களால் ஆணையிடும் காலம் அதற்கு ஒரு நூற்றாண்டின் பின்னரே பிறந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகொப்டர் சுழலிகளைத் தயாரித்த ஜோன் பார்சன்ஸும் அவருடைய பொறியியலாளர் பிராங்க் ஸ்ரூலனும் வளைகோட்டின் புள்ளிகளைத் துளை அட்டை இயந்திரத்தினால் கணித்தார்கள். ஒருவர் அட்டவணையிலிருந்து எண்களை உரக்க வாசிக்க, வேறு இருவர் கைபிடிகளைச் சுழற்றி வெட்டினார்கள். அமெரிக்க விமானப்படையின் நிதியுதவியோடு மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் இந்த எண்ணத்தை முன்னெடுத்துச் சென்று, துளையிட்ட காகித நாடாவினால் இயங்கும் மூவச்சு வெட்டும் இயந்திரத்தை 1952 செப்டெம்பரில் பகிரங்கமாக இயக்கிக் காட்டியது.

இந்த வெற்றிக்குள் ஓர் அதிகாரப் போட்டியும் மறைந்திருந்தது. அனுபவமிக்க தொழிலாளி கையால் வெட்டும்போது அவருடைய அசைவுகளை நாடாவிற் பதிந்து, பின்னர் இயந்திரம் அதனைத் திரும்பச் செய்யும் வேறொரு முறையும் 1940களின் பிற்பகுதியிலேயே உருவாக்கப்பட்டிருந்தது. அது ஏன் ஓரங்கட்டப்பட்டது என்ற கேள்வியை வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் வெளியிட்ட நூலில் எழுப்பினார். வேலையின் கட்டுப்பாட்டைப் பட்டறைத் தளத்திலிருந்து அலுவலகத்துக்கு மாற்ற நிர்வாகங்கள் விரும்பியதும் முக்கிய காரணம் என்பது அவருடைய வாதம். விமான உறுப்புகளின் சிக்கலான வளைவுகளைக் கைத்திறனால் மாத்திரம் வெட்டுவது கடினமாக இருந்தது என்பதும் உண்மையே. எப்படியிருப்பினும், நாடாவை எழுதியவர் மேல்மாடியில் இருந்தார்; அந்த நாடா எந்தப் புள்ளியிலிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்க, பொருளைப் பூட்டி அலகைத் தொடவைக்கும் தொழிலாளியின் கை வேண்டியிருந்தது. எண்கள் எல்லாம் மேலே சென்றன; பூச்சியம் மாத்திரம் கீழேயே நின்றுவிட்டது.

அந்தத் தொடுகையையும் இயந்திரத்துக்குக் கற்பித்தவர் டேவிட் மக்மேர்ட்ரி. கொன்கோட் விமானத்துக்கான ஒலிம்பஸ் இயந்திரத்தின் மெல்லிய எரிபொருட் குழாய்களை அளப்பதில், றோல்ஸ் றொய்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய அவருக்குச் சிக்கல் எழுந்தது. அளவுகோலைச் சற்று அழுத்தினாலே குழாய் வளைந்து அளவு பொய்த்துவிடும். 1970களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய தொடு உணரியிலே, மூன்று சிறு கம்பிகள் ஆறு தொடுபுள்ளிகளின் மீது வில்லின் விசையால் அமர்ந்திருக்கும். அவற்றினூடாக மின்னோட்டம் பாயும். ஊசி பொருளைத் தொட்டுச் சற்றே அசைந்தாலும் ஓட்டம் தடைப்படும். அந்தக் கணத்திலேயே இயந்திரம் தன் இடத்தைக் குறித்துக்கொள்ளும். 1973இல் ஜோன் டீருடன் இணைந்து அவர் ஆரம்பித்த றெனிஷோ நிறுவனம் இந்த உணரியை உலகெங்கும் கொண்டுசென்றது.

வீட்டுப் பட்டறைக்கு இது வந்து சேர்வதற்கு இலவச மென்பொருள் வழிசமைத்தது. அமெரிக்க அரசின் தர நிறுவகத்தில் 1990களில் வளர்ந்த மென்பொருளே பின்னர் 'லினக்ஸ் சீ.என்.சீ.' ஆயிற்று. 2009இல் நோர்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கொக்ஸ்ருட் மலிவான ஆர்டுயினோ சுற்றுப் பலகையில் இயங்கக்கூடிய 'கிறிபிள்' மென்பொருளை உருவாக்கினார். இப்போது 'ஜீ 38.2' என்ற ஒரேயொரு கட்டளையாற் பூச்சியத்தைத் தேடமுடிகின்றது. தடிப்பு அளக்கப்பட்ட அலுமினியத் தகடொன்றைப் பலகையில் வைத்து, முதலைக் கவ்வியால் அலகுக்கு மின்னிணைப்புக் கொடுத்தாற் போதும். அலகு மெல்ல இறங்கித் தகட்டைத் தொட்டதும் சுற்று மூடப்படும், இயந்திரம் நிற்கும், தகட்டின் தடிப்பைக் கழித்தாற் பலகையின் மேற்பரப்பு.

இங்கே ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். மக்மேர்ட்ரியின் உணரியிலே தொடுகை சுற்றைத் திறக்கின்றது. ஆகவே கம்பி அறுந்தாலும் இயந்திரம் எச்சரிக்கை பெறும். வழமையான அலுமினியத் தகட்டிலோ தொடுகை சுற்றை மூடுகின்றது. கம்பி அறுந்திருந்தாலோ கவ்வியை மாட்ட மறந்தாலோ இயந்திரத்துக்கு எதுவும் தெரியாது. அது தகட்டை நசுக்கிக்கொண்டு இறங்கும். அதனாலேயே அனுபவசாலிகள் கட்டளையை இயக்குமுன் தகட்டைக் கையில் எடுத்து அலகில் ஒருமுறை தொட்டு, திரையில் அடையாளம் தோன்றுகின்றதா என்று பார்த்துக்கொள்வார்கள்.

பூச்சியத்தை எங்கே வைப்பது என்பதும் இயந்திரத்தின் முடிவல்ல. எழுத்துப் பொறிப்பதற்குப் பலகையின் மேற்பரப்பு பொருத்தமானது. பலகையை ஊடறுத்து வெட்டவேண்டுமானால், அடித்தளத்தைப் பூச்சியமாகக் கொள்வது நல்லது. பலகையின் தடிப்புச் சற்று வேறுபட்டாலும் மேசை காயப்படாது. இதைத் தீர்மானிக்க, என்ன செய்யப் போகின்றோம் என்பது தெரிந்திருக்கவேண்டும்.

அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தொழிற்சாலைகளில், வரைபவர் ஒருவர், தொடுபவர் வேறொருவர் என்ற பிரிவினை வேரூன்றியிருந்தது. வீட்டுப் பட்டறையின் சிறிய இயந்திரம் அந்த இருவரையும் மீண்டும் ஒரே மனிதராக்கியிருக்கின்றது. அவர் தானே வரைந்து, தானே தொட்டு, பிழைக்கும் வெற்றிக்கும் தானே பொறுப்பேற்கின்றார். விட்வேர்த் காலத்துக் கைவினைஞனின் சுதந்திரம், காகித நாடா பறித்துக்கொண்ட அந்தச் சுதந்திரம், இந்தச் சின்னஞ்சிறு பூச்சியத்தின் வழியாகவே அவரிடம் திரும்பி வந்திருக்கின்றது.